பப்பிள் ஏர் பெட்: யாருக்கு உதவும், எங்கே கைவிடும்

படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் படுக்கைப் புண் வராமல் தடுக்க, சர்ஜிகல் கடையில் "ஏர் பெட்" என்று கேட்டதும் எடுத்துப் போடுவது பப்பிள் வகையைத்தான். பிவிசி ஷீட்டில் நூற்றுச் சொச்சம் குமிழ்கள், இரண்டு ட்யூப், கட்டிலின் கால்மாட்டில் தொங்கவிடும் பம்ப். பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும். பக்கவாதம், முதுகுத்தண்டு காயம், இடுப்பு எலும்பு முறிவு என்று யார் போய்க் கேட்டாலும் இதையே தலையில் கட்டுகிறார்கள்.

வேலை செய்யும் விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குமிழ்கள் இரண்டு அணியாகப் பிரிந்திருக்கும். ஒன்று ஊதி நிற்கையில் மற்றது தளரும். ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒருமுறை இது மாறும். உணர்ச்சி இருப்பவர் தூக்கத்திலும் வலி உறுத்தினால் புரண்டு படுத்துவிடுவார். தண்டுவடம் அடிபட்டவருக்கு அந்த வலியே மூளைக்குப் போய்ச் சேராது. எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே தோல் நசுங்கிக்கொண்டே இருக்கும். அந்த அழுத்தத்தை இடம் மாற்றிக் கொடுப்பது மட்டும்தான் இந்தப் படுக்கையின் வேலை.

விரிக்கும்போதே பாதிப் பேர் தவறிவிடுகிறார்கள். பழைய மெத்தையை எடுத்துவிட்டு வெறும் கட்டில் பலகையில் போடக் கூடாது. மெத்தை கீழே, ஏர் பெட் மேலே, அதன்மேல் மெல்லிய பருத்தி விரிப்பு ஒன்று, அதுவும் தளர்வாக. விரிப்பை இழுத்துச் செருகினால் தூளி கட்டியதுபோல் ஆகி, குமிழ் உடம்பைத் தொடாது. ரப்பர் ஷீட், மடித்த புடவை, இரண்டு டயப்பர் என்று அடுக்கினால் காசு கொடுத்து வாங்கிய பலன் அத்தனையும் போச்சு.

பம்பை அரை மணி நேரம் ஓடவிட்டபின் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. கடையில் இதை யாரும் காட்டுவதில்லை. நோயாளி மல்லாந்து படுத்திருக்க, ஏர் பெட்டுக்கும் அடி மெத்தைக்கும் நடுவே, வால் எலும்புக்கு நேர் கீழே, உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை நுழையுங்கள். அங்கே குமிழ் தளர்ந்திருக்கும் நேரத்தில் கைக்கும் எலும்புக்கும் நடுவே ஓர் அங்குலமாவது காற்று இருக்க வேண்டும். எலும்பு கையில் இடித்தால் அவர் ஏர் பெட்டில் படுக்கவில்லை, அடி மெத்தையில்தான் படுத்திருக்கிறார் என்று அர்த்தம். பம்பின் திருகை ஒரு படி ஏற்றி மறுபடி பாருங்கள். பயந்துபோய்க் கடைசிவரை திருகிவிடாதீர்கள், பலகைபோல் விறைத்துவிடும்.

திருகை எவ்வளவு ஏற்றியும் எலும்பு இடிக்கிறதா? அந்த உடம்பு எடைக்கு இந்த வகை போதாது. குமிழின் உயரமே இரண்டரை அங்குலம்தான். ஏற்கெனவே புண் விழுந்தவருக்கும் இது வேண்டாம். நான்கைந்து அங்குல உயரத்தில் குறுக்கே குழாய்கள் அடுக்கிய வகையைக் கேளுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் ஒரு குழாய் ஓட்டையானால் அதை மட்டும் மாற்றலாம். பப்பிள் ஷீட்டில் சமதளத்தில் விழுந்த ஓட்டையை ஒட்டலாம், ஷீட் ஒட்டிய மூட்டில் பிரிந்தால் ஒட்டு நிற்காது.

எந்த ஏர் பெட்டாலும் ஆகாத வேலைகளும் இருக்கின்றன. பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பதை நிறுத்தக் கூடாது. முழுப் பக்கவாட்டில் சாய்த்தால் இடுப்பு எலும்பு குத்தும். முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வே போதும். குதிகாலைக் குமிழ் காப்பாற்றாது. கெண்டைக்காலுக்கு நீளவாக்கில் தலையணை வைத்து, குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி விடுங்கள். சாப்பாட்டு நேரம் தவிரத் தலைமாட்டை 30 டிகிரிக்கு மேல் தூக்கினால் உடம்பு சரிந்து உள்தசை இழுபடும். போதாக்குறைக்கு, தூக்கும்போது ட்யூப் கட்டில் மடிப்பில் மாட்டி நசுங்கும்.

சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துவிட்டுச் சிவந்தால் தப்பித்தது. வெளுக்காமலே நின்றால் புண்ணின் முதல் கட்டம். மாநிறம், கறுத்த மேனியில் சிவப்பு தெரியாது. சூடு, வீக்கம், கல்போன்ற இறுக்கம் இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள், நடுவில் ஓட்டையுள்ள ரப்பர் வளையமும் வைக்காதீர்கள்.

முதுகெலும்பு முறிவு இன்னும் நிலைப்படாதவரையும், எலும்பில் கம்பி போட்டு எடை கட்டி இழுவையில் இருப்பவரையும் டாக்டர் சொல்லாமல் இதில் படுக்க வைக்கக் கூடாது. அசைகிற படுக்கை முறிந்த எலும்பையும் அசைக்கும்.

வாங்கும்போது கடையிலேயே பம்பை ஓட்டிப் பாருங்கள். உர்ரென்ற மெல்லிய சத்தம் இருக்கத்தான் செய்யும். கட்டில் தகரத்தில் அதிர்ந்தால் நடுவே மடித்த துண்டு வையுங்கள். சத்தம் மட்டும் வந்து காற்று வராவிட்டால், ட்யூப் மடங்கவில்லை என்றால், பெரும்பாலும் உள்ளே காற்றைத் தள்ளும் ரப்பர் சவ்வு (டயாஃப்ரம்) கிழிந்திருக்கும். பம்ப் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று பில் போடுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் காற்று இறங்காமல் அடைக்க ட்யூப் முனைக்கு மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள்.