முன்பல் கேப்: லித்தியம் டைசிலிகேட்டா, சிர்கோனியாவா?

கணினியில் வடிவமைத்து இயந்திரத்தில் அரைத்தெடுக்கும் முன்பல் கேப்புக்கு இன்று பெரும்பாலும் இரண்டு பீங்கான் பொருட்கள்தான் போட்டி: கண்ணாடி கலந்த லித்தியம் டைசிலிகேட், கண்ணாடி இல்லாத சிர்கோனியா. சிர்கோனியாவை உறுதியைச் சொல்லியே விற்கிறார்கள்: வழக்கமான வகை 1,000 மெகாபாஸ்கலை (உடையாமல் தாங்கும் அழுத்தத்தின் அலகு) தாண்டும், லித்தியம் டைசிலிகேட் ஏறத்தாழ 400-தான். கடைவாய்ப் பல்லுக்கு அந்த எண் முக்கியம். மேல் முன்பல்லில் முதலில் பார்க்க வேண்டியவை நிறமும் ஒட்டும் திறனும்.

ஸ்கேன் எடுப்பதிலும் வடிவமைப்பதிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஈறோரத்தில் ரத்தமோ எச்சிலோ நின்றால் ஸ்கேனருக்குப் பல்லின் விளிம்பு தெரியாது. மென்பொருள் உத்தேசமாகக் கோடு போடும், கேப் அங்கே பொருந்தாது. நூல் வைத்து ஈறை ஒதுக்கி, உலர்த்திய பிறகே ஸ்கேன் எடுக்க வேண்டும். இன்னொரு தவறு, சீவிய பல்லின் நுனியைக் கூராக விடுவது. அரைக்கும் பர்ரின் (சுழலும் வெட்டுமுனையின்) முனை பல இயந்திரங்களில் சுமார் 1 மி.மீ.; அதைவிடக் குறுகிய இடத்துக்குள் அது நுழையாது. அதனால் இயந்திரம் கேப்பின் உட்புறத்தைக் கூடுதலாகக் குடைந்துவிடும். அந்த இடத்தில் பீங்கான் மெலியும், சிமென்ட் தடிக்கும். நுனிகளை உருட்டிவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

அரைத்த பிறகுதான் இரண்டும் வழி பிரிகின்றன. லித்தியம் டைசிலிகேட் பிளாக் நீல நிறத்தில், பாதி படிகமான நிலையில் வருகிறது. அப்போது உறுதி 130 மெகாபாஸ்கல் அளவுதான். வாயில் வைத்துப் பொருத்தம் பார்க்கலாம். அழுத்திக் கடிக்கச் சொன்னால் உடையும். உலையில் சுமார் 850 டிகிரியில் அரை மணிக்குள் படிகமாகி, பல் நிறத்துக்கு வந்துவிடும். சுருக்கம் 0.2 சதவீதம்தான் என்பதால் பொருத்தம் மாறுவதில்லை. ஒரே அமர்வில் வேலையை முடிக்க முடிவது இதனால்தான்.

சிர்கோனியாவை அரைக்கும்போது அது சுண்ணாம்புக் கட்டி மாதிரி மென்மையாக இருக்கும். ஏறத்தாழ 1,500 டிகிரியில் சுடும்போது ஒவ்வொரு பக்கமும் 20 சதவீதம் போலச் சுருங்கும். அதனால் மென்பொருள் கேப்பைப் பெரிதாக்கி அரைக்கிறது. எவ்வளவு பெரிதாக்குவது என்ற எண், அரைப்பதற்காக வரும் ஒவ்வொரு சிர்கோனியா வட்டிலும் அச்சிடப்பட்டிருக்கும். பழைய வட்டின் எண்ணை மாற்றாமல் விட்டால், சுட்ட பிறகு கேப் பல்லில் ஏறாது, அல்லது ஆடும். நீர் ஊற்றி அரைத்ததை நன்றாக உலர்த்தாமல் உலையில் வைத்தால் வெடிப்பு விடும். வழக்கமான சூளைச் சுழற்சி பல மணி நேரம் ஓடும்.

நிறத்தில் லித்தியம் டைசிலிகேட் முந்துகிறது. எனாமல் போலவே ஒளியை உள்ளே விடுவதால், பக்கத்துப் பல்லோடு கலந்துவிடும். 3 மோல் சதவீத இட்ரியா (சிர்கோனியாவில் சேர்க்கும் இட்ரியம் ஆக்சைடு) கலந்த சிர்கோனியா மங்கலாக, வெள்ளைச் சுவர் போல நிற்கும். 5 சதவீதமாக்கினால் ஒளி கூடுகிறது, ஆனால் உறுதி கணிசமாக இறங்குகிறது. ‘கண்ணாடி போல் ஒளிரும், இரும்பு போல் உறுதி’ என்று ஒரே வட்டுக்கு இரண்டையும் உரிமை கோரினால் நம்ப வேண்டாம். வேர் சிகிச்சை செய்து பழுப்பேறிய பல்லிலும், உள்ளே உலோகத் தண்டு உள்ள பல்லிலும் நிலைமை தலைகீழ். அங்கே ஒளி ஊடுருவும் கேப்புக்குள் கருமை சாம்பலாகத் தெரியும். அதை மறைக்க மங்கலான சிர்கோனியாவே உதவும்.

ஒட்டுவதில் இடைவெளி இன்னும் பெரிது. லித்தியம் டைசிலிகேட்டின் உட்புறத்தில் 5 சதவீத ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் 20 விநாடி, கழுவி உலர்த்திச் சைலேன் (பீங்கானையும் பிசினையும் இணைக்கும் திரவம்), பிறகு ரெசின் சிமென்ட் (பிசின் வகைப் பசை). எனாமலோடு ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். பல்லின் முன்பக்கத்தில் மட்டும் ஒட்டும் அரை மி.மீ. தகடான வெனீர் நிற்பதற்குக் காரணம் இந்தப் பிடிப்புதான். சிர்கோனியாவில் கண்ணாடிப் பகுதி இல்லாததால் இந்த அமிலப் பூச்சு வேலைக்கு ஆகாது. 50 மைக்ரான் அலுமினாத் துகளைக் குறைந்த அழுத்தத்தில் அடித்து, எம்.டி.பி. (சிர்கோனியாவைப் பிடிக்கும் பாஸ்பேட் சேர்மம்) உள்ள பிரைமரை, அதாவது ஒட்டுவதற்கு முந்தைய பூச்சை, பூச வேண்டும். வாயில் பொருத்திப் பார்க்கும்போது எச்சிலில் உள்ள பாஸ்பேட் சிர்கோனியாவில் ஒட்டிக்கொண்டு பிரைமருக்கு இடம் விடாது. அதைப் பாஸ்பாரிக் அமிலத்தால் கழுவுவது அதே தவறை இன்னொரு முறை செய்வது; அதுவும் பாஸ்பேட்டையே விட்டுச்செல்லும். அதற்கென்று இருக்கும் சுத்திகரிப்புப் பசையைப் பயன்படுத்த வேண்டும், அல்லது பொருத்திப் பார்த்த பிறகு துகள் அடிக்க வேண்டும். எனவே மெல்லிய வெனீருக்குச் சிர்கோனியாவைப் பரிந்துரைக்க மாட்டோம்.

இழந்த பற்களின் இடத்தை நிரப்பும் நீண்ட பாலத்துக்கும், இரவில் பல்லை நறநறவெனக் கடிப்பவர்களுக்கும் சிர்கோனியா நல்லது. ஆனால் கடியைச் சரிசெய்ய உரசிய இடத்தை மீண்டும் மெருகேற்றியே ஆக வேண்டும். சொரசொரப்பாக விட்டால் எதிர்ப்பல்லின் எனாமல் தேயும். நாளை கேப்பைக் கழற்ற நேர்ந்தால் லித்தியம் டைசிலிகேட்டை வைர பர்ரால் வெட்டிவிடலாம். சிர்கோனியாவை வெட்டப் பல பர்கள் தீரும். நீர் குறைந்தால் உள்ளிருக்கும் உயிருள்ள பல் சூட்டில் பாதிக்கப்படும்.