வீட்டில் கட்டும் சிஎன்சி ரவுட்டருக்கு எது பொருந்தும்: பெல்ட்டா, லீட் ஸ்க்ரூவா, பால் ஸ்க்ரூவா?

வீட்டிலோ சிறு பட்டறையிலோ சொந்தமாக ஒரு சிஎன்சி ரவுட்டர் (கணினிக் கட்டளைப்படி நகர்ந்து பலகையை அறுக்கும் பொறி) கட்ட முனைபவர், எவ்வளவு பெரிய பலகையை அறுக்கப் போகிறோம் என்று முடிவு செய்தவுடனே எதிர்கொள்ளும் கேள்வி, படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டாரின் சுழற்சியை நேர்கோட்டு நகர்வாக மாற்றும் வேலையை எதனிடம் ஒப்படைப்பது என்பதாகும். பல் வைத்த பெல்ட், சரிவக மரை வெட்டிய லீட் ஸ்க்ரூ, எஃகுக் குண்டுகள் உருளும் பால் ஸ்க்ரூ ஆகிய மூன்றும் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டியான மரமும் அலுமினியமும் அறுக்க வேண்டும், நீளம் ஒரு மீட்டருக்குள் அடங்கும் என்றால் பால் ஸ்க்ரூவே சரி. ஆனால் சட்டத்தை விறைப்பாகக் கட்டிய பிறகு மிஞ்சும் பணத்தில்தான் அதை வாங்க வேண்டும்.

மூன்றின் வேறுபாட்டை ஒரே மோட்டாரை வைத்துக் கணக்கிட்டால் தெளிவாகத் தெரியும். 1 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் மோட்டாரில் 20 பல் கொண்ட ஜிடி2 புல்லியை (2 மி.மீ. பல் இடைவெளியுள்ள பெல்ட்டுக்கான பல்சக்கரம்) மாட்டினால், ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. நகரும் பெல்ட் சுமார் 157 நியூட்டன் விசையே தரும். அதே மோட்டார், ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகரும் டி8 லீட் ஸ்க்ரூவைச் சுழற்றினால், பாதிக்குப் பாதி உராய்வில் போனதாக வைத்துக்கொண்டாலும் 400 நியூட்டன் அளவுக்குக் கிடைக்கும். 16 மி.மீ. விட்டமும் 5 மி.மீ. நகர்வும் கொண்ட 1605 பால் ஸ்க்ரூவில், 90 விழுக்காடு திறன் என்று கொண்டால், 1,100 நியூட்டனைத் தாண்டும். மோட்டாரை மாற்றாமலே ஏழு மடங்கு தள்ளுவிசை கிடைக்கிறது என்பதைப் பெரிய மோட்டார் வாங்கக் கிளம்புமுன் ஒவ்வொருவரும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பெல்ட்டின் பலம் அதன் வேகமும் எளிமையும் ஆகும். அதில் தூசி பெரிதாகப் பாதிப்பதில்லை, எண்ணெய் தேவையில்லை, அறுந்தால் பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம். தெர்மோகோல், மெல்லிய பிளைவுட், அக்ரிலிக் ஆகியவற்றை அறுக்கவும், பேனா பிடித்து வரையவும், லேசர் தலையைச் சுமக்கவும் பெல்ட் போதும். அதன் குறை இழுபடுவது. கேன்ட்ரியோடு (கருவியைச் சுமந்து மேசைக்கு மேலே நகரும் குறுக்குச் சட்டம்) மோட்டாரும் நகரும் அமைப்பில், இரு முனைகளிலும் கட்டப்பட்ட பெல்ட், பயணப் பாதையின் நடுவில்தான் அதிகமாக நெகிழ்கிறது; ஓரத்தில் சரியாக வந்த துளை நடுவில் சற்றே நீள்வட்டமாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். எட்வர்ட் ஃபோர்டு 2011இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதித் தளத்தின் வழியாக அறிமுகப்படுத்திய ஷேப்பியோக்கோ பெல்ட்டை நம்பிப் பிறந்த பொறி. பின்னர் வந்த பதிப்புகளில் பெல்ட்டின் அகலம் கூடியது. ஷேப்பியோக்கோ 5 புரோவில் பெல்ட்டே போய்ப் பால் ஸ்க்ரூ வந்துவிட்டது. வீட்டில் கட்டுபவர்கள் தங்கள் பொறியை மேம்படுத்தும் பாதையும் பெரும்பாலும் இதுவாகவே இருக்கிறது.

லீட் ஸ்க்ரூ இடைப்பட்டது. அதன் நட் பித்தளையிலோ டெல்ரின் பிளாஸ்டிக்கிலோ இருக்கும். மரைக்கும் நட்டுக்கும் இடையில் கொஞ்சம் இடைவெளி இல்லாமல் அது சுழலவே முடியாது என்பதால், திசை மாறும்போதெல்லாம் அந்த இடைவெளி பேக்லாஷாக, அதாவது மோட்டார் சுழன்றும் கேன்ட்ரி நகராத வெற்றசைவாக, வெளிப்படும். ஸ்பிரிங் வைத்த இரட்டை நட் போட்டால் அது குறையும். ஆனால் மரத்தூள் படிந்த மரையில் பிளாஸ்டிக் நட் தேய்ந்துகொண்டே போவதால், சில மாதங்களுக்கு ஒருமுறை சரிபார்க்கும் பழக்கம் இருப்பவர்களுக்கே இது பொருந்தும். பேக்லாஷை மென்பொருளில் ஈடுகட்டிவிடலாம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பொறியை இயக்கும் மென்பொருள்களான லினக்ஸ்சிஎன்சி, மாக்3 ஆகியவற்றில் அந்த வசதி உண்டு. இருந்தாலும், எண்ட் மில் (சுழன்று வெட்டும் கருவி) சுழலும் திசையும் ஃபீடு திசையும் (கருவி முன்னேறும் திசை) ஒத்துப்போகும் கிளைம்ப் முறையில், வெட்டும் விசையே கேன்ட்ரியை முன்னால் இழுத்து, நட்டில் உள்ள இடைவெளி முழுவதையும் ஒரே நொடியில் தின்றுவிடுகிறது. அந்த இழுப்பை எந்த மென்பொருளாலும் தடுக்க முடியாது. அலுமினியத்தில் எண்ட் மில் முறியும் இடம் பல நேரங்களில் இதுதான்.

பால் ஸ்க்ரூவில் நட்டுக்குள் குண்டுகள் உருண்டு சுற்றிவருவதால் உராய்வும் தேய்மானமும் மிகக் குறைவு. மலிவு விலையில் கிடைக்கும் சி7 தரத்தில் 300 மி.மீ. நீளத்துக்கு 0.05 மி.மீ. வரை பிழை அனுமதிக்கப்படுகிறது. மர வேலைக்கு இது தேவைக்கு மேல். ஆனால் ஸ்க்ரூ நன்றாக இருந்தும் பொறி ஆடுவதுண்டு. அதற்குக் காரணம் பெரும்பாலும் மோட்டார் பக்கத்து முனையைத் தாங்கும் பிகே12 பிளாக்தான். அதற்குள் அச்சுத்திசை விசையையும் தாங்கும் கோணத் தொடுகை பேரிங் ஒரு ஜோடி இருக்க வேண்டும். மலிவான பிளாக்குகளில் சாதாரண பேரிங்கைப் போட்டுவிடுவதால் ஸ்க்ரூ முழுவதுமே அச்சுத்திசையில் முன்னும் பின்னும் நகரும். நட்டைக் குறை சொல்லுமுன், ஸ்க்ரூவின் முனையில் டயல் கேஜை (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் அளவி) வைத்து, கேன்ட்ரியைக் கையால் தள்ளி இழுத்துப் பாருங்கள். முள் நகர்ந்தால் கோளாறு பிளாக்கில் இருக்கிறது.

பொருத்தும் முறையும் முக்கியம். நட்டைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, கேன்ட்ரியை பிகே12 பக்கம் முழுவதும் தள்ளி, அங்கே அவற்றை இறுக்க வேண்டும்; பிறகு மறுமுனைக்குத் தள்ளி, அங்குள்ள பிஎஃப்12 பிளாக்கை இறுக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால், ஸ்க்ரூ வளைந்த நிலையிலேயே பூட்டப்பட்டு, நடுவில் இலகுவாகவும் ஓரங்களில் கனமாகவும் சுழலும். இன்னொன்று: நட்டைக் கழற்றும்போது, ஸ்க்ரூ மரையின் அடிவிட்டத்தைவிடச் சற்றே குறைந்த விட்டமுள்ள குழாயைச் செருகிக்கொண்டே வெளியே எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் குண்டுகள் தரையெங்கும் சிதறிவிடும்.

நீளம் கூடக்கூடப் பால் ஸ்க்ரூவின் மேன்மை குறைகிறது. நீண்ட தண்டு வேகமாகச் சுழலும்போது நடுவில் கயிறுபோல் துள்ளத் தொடங்கும். அந்த எல்லை வேகம் நீளத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழாகக் குறைகிறது. ஒரு மீட்டர் நீள 1605, ஒரு முனை இறுக்கமாகவும் மறுமுனை பேரிங்கிலும் இருந்தால், நிமிடத்துக்கு 1,900 சுற்றுக்கு மேல் தாங்கும். அதாவது நிமிடத்துக்கு 9 மீட்டருக்கும் கூடுதலான ஃபீடு வேகம். ஒன்றரை மீட்டரில் இது 900 சுற்றுக்குக் கீழே இறங்கி, ஃபீடும் 4 மீட்டரைச் சற்றே தாண்டிய அளவில் நின்றுவிடும். ஆகவே 8 அடிக்கு 4 அடி பிளைவுட்டை முழுதாகப் பரப்பி அறுக்க விரும்புபவர்களுக்கு, கியர் ரிடக்‌ஷனோடு கூடிய பல் சட்டமும் அதில் உருளும் பினியன் பல்சக்கரமுமே வழி.

பெல்ட்டிலிருந்து பால் ஸ்க்ரூவுக்கு மாறுபவர்கள் பலரும் கவனிக்கத் தவறுவது, மோட்டார்களுக்குக் கட்டளை அனுப்பும் கன்ட்ரோலர். 2009இல் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் தொடங்கிய ஜிஆர்பிஎல் என்ற கட்டுப்பாட்டு மென்பொருள், ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு மின்னணுப் பலகையில் நொடிக்குச் சுமார் 30,000 ஸ்டெப் வரை அனுப்பும். மோட்டாரின் ஒவ்வொரு படியையும் 16ஆகப் பிரிக்கும் 16 மைக்ரோஸ்டெப்பில் பெல்ட்டுக்கு ஒரு மி.மீ.க்கு 80 ஸ்டெப் போதும் என்பதால் அங்கே நெருக்கடியே இல்லை. 1605இலோ 640 ஸ்டெப் வேண்டும். உச்ச வேகம் நிமிடத்துக்கு 2,800 மி.மீ.யில் முட்டிக்கொள்ளும். 8 மைக்ரோஸ்டெப்புக்கு இறக்கினாலோ, 10 மி.மீ. நகர்வுள்ள 1610 வாங்கினாலோ அந்த எல்லை இரட்டிக்கும். மரத்துக்கு நான் 1610ஐயே பரிந்துரைப்பேன்: இரண்டு பல் எண்ட் மில்லை 18,000 ஆர்பிஎம்மில் ஓட்டி, ஒரு பல்லுக்கு 0.05 மி.மீ. சீவல் எடுத்தாலே ஃபீடு 1,800 மி.மீ. ஆகிவிடும். இதற்கும் மெதுவாகப் போனால் கருவி வெட்டாமல் உரசி, மரத்தைக் கருக்கும்.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானது. மேற்சொன்ன எந்தத் தேர்வும், முறுக்கிக்கொள்ளும் கேன்ட்ரியைக் காப்பாற்றாது. கருவி கேன்ட்ரிக்குக் கீழே தொங்குவதால், வெட்டும் விசை அதை வளைப்பதைவிட முறுக்குவதே அதிகம்; திறந்த கோணச் சட்டமும் தட்டையான தகடும் முறுக்குக்கு வலுவற்றவை, மூடிய சதுரக் குழாயோ உறுதியானது. எஃகின் விறைப்பு அலுமினியத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. எஃகுக் குழாயில் சட்டமும், அதன்மேல் லீனியர் ரெயிலும் பால் ஸ்க்ரூவும் என்று அமைந்த பிரிண்ட்என்சி என்ற திறந்த வடிவமைப்பு, வீட்டில் கட்டுபவர்களிடையே இத்தனை மதிப்பைப் பெற்றதற்கு இதுவே காரணம் என்று கருதுகிறேன்.

ஏற்கெனவே ஒரு பொறி வைத்திருப்பவர்கள், எதையும் வாங்குமுன் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மோட்டார்களுக்கு மின்சாரம் கொடுத்து நகராமல் பிடித்து நிற்கவைத்து, கோலெட்டில் (கருவியைப் பிடிக்கும் கவ்வி) மாட்டிய தடித்த கம்பியை ஸ்பிரிங் தராசால் 5 கிலோ அளவுக்குப் பக்கவாட்டில் இழுத்து, மேசையில் காந்த அடியோடு நிற்கும் டயல் கேஜ் என்ன காட்டுகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு கேஜின் முனையை ஸ்பிண்டிலின் (கருவியைச் சுழற்றும் மோட்டார்) உடல், அதை மேலும் கீழும் நகர்த்தும் இசட் தகடு, கேன்ட்ரியின் நடு, கேன்ட்ரியின் ஓரம் என்று ஒவ்வொன்றாக நகர்த்தி, அதே இழுப்பைத் திரும்பக் கொடுக்க வேண்டும். எந்த இரண்டு இடங்களுக்கு இடையில் அளவு சடாரென்று குறைகிறதோ, நெகிழ்வு அங்கேதான் இருக்கிறது. கேன்ட்ரியின் ஓரத்திலேயே முள் பெரிதாக நகர்ந்தால் பெல்ட்டையோ ஸ்க்ரூவையோ மாற்றுவதில் பொருள் உண்டு. ஓரம் அசையாமல் நின்று இசட் தகடு மட்டும் ஆடினால், பால் ஸ்க்ரூவுக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் வீண். கருவி முனையில் 0.1 மி.மீ.க்குள் நின்றால் அந்தப் பொறியை அலுமினியத்துக்கு நம்பலாம் என்பது என் அளவுகோல்.

மேலும் கீழும் நகரும் இசட் அச்சை மட்டும் தனியாக யோசிக்க வேண்டும். பால் ஸ்க்ரூவில் உராய்வு மிகக் குறைவாக இருப்பதால், மின்வெட்டு வந்த கணத்தில் கனமான ஸ்பிண்டில் தன் எடையாலேயே கீழே இறங்கி, வேலைப்பொருளையோ கருவியையோ கெடுத்துவிடக்கூடும். மின்சாரம் அடிக்கடி போகும் இடத்தில் இருப்பவர்கள் பிரேக் உள்ள மோட்டார் வாங்கலாம், அல்லது எடையைத் தாங்க ஒரு காஸ் ஸ்பிரிங் மாட்டலாம். இரண்டும் வேண்டாமென்றால், இசட்டுக்கு மட்டும் தானாகப் பூட்டிக்கொள்ளும் 2 மி.மீ. நகர்வுள்ள ஒற்றைப்புரி லீட் ஸ்க்ரூவை வைக்கலாம். எடை எப்போதும் நட்டை ஒரே பக்கமாக அழுத்திக்கொண்டிருப்பதால், அங்கே பேக்லாஷும் பெரிய தொல்லை தராது.