கொழுப்பு காட்டும் எடை மெஷின்: காலையில் குண்டு, சாயங்காலம் ஒல்லி

விலை பாதிக்குக் கீழே இறங்கியதிலிருந்து இந்த எடை மெஷினைப் பற்றி என்னிடம் கேட்காத ஆள் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இல்லை. வெறுங்காலோடு ஏறி நின்றால் எடையோடு கொழுப்பு, தசை, தண்ணீர், எலும்பு என்று எல்லாவற்றையும் கைப்பேசிச் செயலிக்கு அனுப்புமே, அந்தக் கண்ணாடிப் பலகைதான். நிறைய பேர் ஏறக்குறைய ஒரே மாதிரி செய்து விற்கிறார்கள், பெயர் எதற்கு? நான் வாங்கியபோது 129 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). இப்போது 59.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் விட்டுப்போகும். எடையைச் சரியாகக் காட்டுகிறது. சுங்கை சிப்புட்டில் கிளினிக் தாதி ஏற்றி நிறுத்திப் பார்க்கும் எடைக்கும் இதற்கும் சொல்லிக்கொள்கிற வித்தியாசம் கிடையாது. பேட்டரி லேசில் தீராது. பிள்ளைகள் ஏறிக் குதித்தும் கண்ணாடியில் ஒரு கீறல் விழவில்லை. சரி, பாராட்டு முடிந்தது.

எனக்கு எரிச்சல் அந்தக் கொழுப்பு விழுக்காட்டின் மேல்தான். நான் தோட்டத்தில் செம்பனை (எண்ணெய்ப் பனை) நர்சரியில் வேலை செய்கிறேன். விடியுமுன், பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கு எடுப்புக்கு) கிளம்பும்போது ஏறினால் 38 என்கிறது. அதே நாள் சாயங்காலம் ஏறினால் 35. கன்றுப் பைகளுக்கு நடுவே ஒரு பகல் குனிந்து நிமிர்ந்ததில் மூன்று விழுக்காடு கரைந்துவிட்டதா? அப்படியென்றால் தோட்டத்து ஜனங்கள் எல்லாரும் இந்நேரம் எலும்பும் தோலுமாக இருந்திருக்க வேண்டும். மறுநாள் விடியற்காலை பழையபடி 38.

விஷயம் இதுதான். கொழுப்பை நேராக அளக்க இதற்கு வழியே கிடையாது. ஒரு பாதத்திலிருந்து மறு பாதத்துக்கு நமக்கு உறைக்காத அளவில் மின்னோட்டம் அனுப்புகிறது. (நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் ஏறக்கூடாது என்று கையேட்டில் போடுவது இதனால்தான். யார் படிக்கிறார்கள்?) தண்ணீர் நிறைந்த தசையில் மின்சாரம் சுலபமாக ஓடும், கொழுப்பில் திணறும். எவ்வளவு திணறியது என்று பார்த்து, நாம் கொடுத்த உயரம், எடை, வயது, ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து ஒரு கணக்குப் போடுகிறது. அந்த மின்சாரம் ஒரு காலில் ஏறி அடிவயிற்றோடு திரும்பி மறு காலில் இறங்கிவிடும். கை, நெஞ்சு, முதுகு எல்லாம் ஊகம். பகல் முழுக்க நின்றால் உடம்பு நீர் காலுக்கு இறங்கும், மின்சாரத்துக்கு வழி லேசாகும், கொழுப்பு குறைந்ததாகக் காட்டும். தண்ணீர் குடிக்காமல் வறண்டு கிடந்தால் கூட்டிக் காட்டும். வெயிலில் வேர்த்து, உடம்பு சுடச்சுட வந்து ஏறினால் எந்தப் பக்கம் சாயும் என்று அதைச் செய்தவருக்கே வெளிச்சம்.

வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். சாயங்காலம் குளித்துவிட்டு ஈரக்காலோடு ஏறி, "பாரு, உன்னைவிட எனக்குக் கொழுப்பு கம்மி" என்பார். பெண்களுக்கு இயல்பாகவே ஆண்களைவிட விழுக்காடு கூடத்தான் இருக்கும் என்று சொன்னால் அந்த நேரம் பார்த்துக் காது கேட்காது. அப்புறம் ஒருநாள் செயலியைக் குடைந்து 'விளையாட்டு வீரர்' என்று ஒரு பொத்தானைக் கண்டுபிடித்துவிட்டார். அழுத்தினார், நின்ற இடத்திலேயே கொழுப்பு சடாரென்று இறங்கியது! தொப்பை அங்கேயேதான் இருந்தது. இந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்று கேட்கிறவர்களுக்கு இப்போதெல்லாம் அந்தப் பொத்தானை அழுத்தித்தான் காட்டுகிறேன்.

என் குதிகால் பித்தவெடிப்பு வேறு. தடித்துக் காய்ந்த தோலில் மின்சாரம் சரியாக நுழையாமல் திரையில் வெறும் கோடு வரும். ஈரத்துணியால் பாதத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினால் எண் வரும். இத்தனையும் பார்த்துவிட்டு, கேட்காமலே 'உடம்பு வயது 61' என்று வேறு சொல்கிறது. எனக்கு 49.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். வெயிலில் வேர்த்தால் கொழுப்பு உருகும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை இருக்கிறது, அதற்கு இந்த மெஷின் சாட்சி சொல்வதுதான் பொறுக்கவில்லை. உச்சி வெயிலில் பிளாஸ்டிக் சட்டையை மாட்டிக்கொண்டு திடலைச் சுற்றி நடக்கிறார்கள். வந்து ஏறினால் ஒரு கிலோ குறைந்திருக்கிறது, ஒரே சந்தோஷம். போனது தண்ணீரும் கொஞ்சம் உப்பும். வயிறு நிறையத் தண்ணீர் குடித்தால் அந்தக் கிலோ வீடு திரும்பிவிடும். உடம்பு எரிக்கும் கொழுப்பில் பெரும்பங்கு கரியமில வாயுவாக மூச்சில்தான் வெளியேறுகிறது. வேர்வைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் பிளாஸ்டிக் போட்டு உடம்பை மூடினால் மயங்கி விழத்தான் வழி. பழகியவர்கள் நிழலில் நடக்கிறார்கள், அல்லது வெயில் தாழ்ந்தபின் நடக்கிறார்கள்.

வெயில் எனக்குக் கொடுத்தது இரண்டு கன்னத்திலும் மங்கு, அதாவது கருந்திட்டு. அம்மா காலத்தில் ரப்பர் வெட்டு. இருட்டில் ஆரம்பித்து மரநிழலிலேயே முடிந்துவிடும். நர்சரியில் நிழல்வலை எல்லாம் முதல் மூன்று மாதத்துக் குட்டிக் கன்றுகளுக்குத்தான். பெரிய பைக்கு மாற்றிவிட்டால் வெட்டவெளி, அவற்றுக்கும் எங்களுக்கும். ஈப்போவில் தோல் டாக்டர் சொன்னதால் இந்த மெஷின் வந்த அதே சமயம் ஒரு சன்ஸ்கிரீனும் வாங்கினேன். மெஷினை ஆசையாக வாங்கினேன், இதைக் கடனே என்று. இதுதான் வேலை செய்தது.

முதலில் வாங்கியது ஜிங்க் கலந்த வெள்ளை ரகம். பூசினால் முகத்தில் திருநீறு அப்பியது போல இருக்கும், பெரட்டில் எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் தோல் நிறத்தில் இருக்கும் ரகத்துக்கு மாறினேன். அதில் உள்ள இரும்பு ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் ஓரளவு தடுக்கிறது. மங்கை அந்த வெளிச்சமும் கறுக்க வைக்குமாம். எஸ்பிஎஃப் என்ற வெயில் பாதுகாப்பு எண் 30க்கும் 50க்கும் சண்டை போட வேண்டாம். ஒன்று எரிக்கும் கதிரில் 97 விழுக்காட்டைத் தடுக்கும், மற்றது 98. அதுவும் தாராளமாகப் பூசினால்தான்: முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூசு என்கிறார்கள். உரம் போட்ட கையோடு எங்கே பூசுவது? பசியாறும்போது கை கழுவிவிட்டு ஒருமுறை, மத்தியானம் ஒருமுறை. மீதியை முழுக்கைச் சட்டையும் அகலத் தொப்பியும் பார்த்துக்கொள்கின்றன. "நாம கறுப்புதானேக்கா, நமக்கு எதுக்கு?" என்று கேட்கிறார்கள். கறுப்புக்குக் கொஞ்சம் பாதுகாப்பு உண்டுதான், ஆனால் மங்கு நம் நிறத்தைத்தான் தேடி வருகிறது. வெயிலின் கடுமையைச் சொல்லும் புற ஊதாக் குறியீடு 3 ஆனாலே தோலை மூடச் சொல்கிறார்கள். இங்கே நடுப்பகலில் 10ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். மங்கு முழுதாகப் போகவில்லை. வெளுத்திருக்கிறது, பரவுவது நின்றிருக்கிறது. பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) லேபிள் இல்லாமல் விற்கும் வெளுப்பு கிரீம் பக்கம் மட்டும் போகாதீர்கள். பாதரசம் கலந்தவை என்று சுகாதார அமைச்சு பல முறை பெயர் போட்டு எச்சரித்திருக்கிறது.

மெஷினுக்கும் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். தே தாரிக்கை (இழுத்து ஆற்றிய பால் தேநீரை) குறைத்து, சாயங்காலம் நடக்க ஆரம்பித்தபின் என் இடுப்பு மெல்ல இறங்கியது. விடியற்காலை எண்களை மட்டும் எடுத்து மாதத்துக்கு மாதம் சராசரி பார்த்தால் மெஷினும் அதே திசையில்தான் இறங்கியிருக்கிறது. ஆக, ஒரே நேரத்தில், வெறும் வயிற்றில், மூத்திரம் போய்விட்டு வந்து ஏறி, அன்றைய எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத பொறுமைசாலிகளுக்கு இது உபயோகமான பொருள். ஆனால் தாதி முதலில் என் இடுப்பில் வைத்தது டேப். நம் ஆசிய உடம்புக்குப் பெண்கள் 80 சென்டிமீட்டர், ஆண்கள் 90, அதற்கு மேல் போனால் கவனி என்றார். வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு ஒல்லியாகத் தெரிகிறவர்களுக்கும் இருக்கலாம் என்றும் சொன்னார். டேப்புக்கு விளையாட்டு வீரர் பொத்தான் கிடையாது.

59 வெள்ளிக்கு வாங்கலாமா? எடை சரி, உழைப்பு சரி, விலையும் இப்போது சரி. ஆனால் இன்றைக்கு விடியற்காலை 39 என்று காட்டியது. ஆகவே வாங்காதீர்கள். தையல் சாமான் கடையில் டேப் சில வெள்ளிதான், மிச்சத்துக்குத் தோல் நிற சன்ஸ்கிரீன் ஒன்று வாங்குங்கள். வாங்கியதை மோட்டார் கூடையில் வெயிலில் போட்டு வைக்காதீர்கள், கெட்டுப்போகும்.