ஆறு ஆண்டுகளாகக் குழித்தட்டு நாற்று: ஆசாரத்திலிருந்து தோட்டம் வரை

பல்லடத்துக்குத் தெற்கே உள்ள எங்கள் தோட்டத்தில், தைப் பட்டத்துக்கான தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்றுகளை ஆறு ஆண்டுகளாகக் குழித்தட்டில், அதாவது சிறு சிறு குழிகள் கொண்ட நாற்றுத் தட்டில்தான் வளர்த்து வருகிறோம். அதற்கு முன்பு கிணற்றடியில் மேட்டுப்பாத்தி அமைத்து விதை தூவுவதே வழக்கம். மார்கழிப் பனியில் விதை முளைக்கத் தாமதமாவதும், முளைத்தவை ஈரம் தங்கி அடித்தண்டு அழுகிச் சாய்வதும் ஆண்டுதோறும் நடந்ததால், தட்டுகளைச் சாளையின், அதாவது தோட்டத்து வீட்டின், ஆசாரத்துக்குள் (கூடத்துக்குள்) வைக்கத் தொடங்கினோம்.

குளிர் நாடுகளில் வீட்டுக்குள் நாற்று விடுவோருக்குக் கடைசி உறைபனி நாள்தான் கணக்கு. எங்களுக்கு அந்தக் கவலை இல்லை. பங்குனி வெயில்தான் கணக்கு. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டத் தொடங்கினால் தக்காளியில் பூ கொட்டும் என்பதால், அதற்கு முன்பே காய் பிடித்திருக்க வேண்டும். ஆகவே தக்காளியை மார்கழி பிறந்ததும் விதைத்து, 25 முதல் 28 நாள் நாற்றாகத் தை மாதத் தொடக்கத்தில் நடுகிறோம். மிளகாய்க்கு 40 நாள் வரை ஆவதால் அதைக் கார்த்திகைக் கடைசியிலேயே விதைத்துவிடுகிறோம்.

98 குழிகள் கொண்ட தட்டே எங்களுக்குப் போதுமானது. முதலில் வாங்கிய மெல்லிய தட்டுகள் இரண்டே பட்டத்தில் விளிம்பு கிழிந்தன. பிறகு வாங்கிய தடித்த தட்டுகளைக் கழுவி நிழலில் அடுக்கி வைத்து இன்னும் பயன்படுத்துகிறோம். ஒரு தட்டை நிரப்ப ஏறத்தாழ 1.2 கிலோ தென்னை நார்க்கழிவு பிடிக்கும். பொள்ளாச்சிப் பக்கத்து நார் ஆலைகளால் அது இங்கே எளிதில் கிடைக்கிறது. ஆனால் எளிதில் கிடைப்பதெல்லாம் உப்பு நீங்கியதாக இருப்பதில்லை. இரண்டாம் ஆண்டு கழுவாமல் நிரப்பியதில் கத்தரி நாற்றின் இலை நுனிகள் கருகிவிட்டன. இப்போது மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே தொடுகிறோம். நார்க்கழிவில் சத்து அநேகமாக இல்லை என்பதால், விதையிலைக்கு அடுத்த உண்மை இலை வந்த பின், தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு இரண்டு கிராம் கரைத்துப் பூவாளியில் ஊற்றுகிறோம்.

இவ்வளவையும் முதல் ஆண்டே ஓரளவு சரியாகச் செய்திருந்தும், நட்டதில் பாதிக்கு மேல் போயிற்று. சன்னலோரம் வெளிச்சத்தைத் தேடி நெடுநெடுவென வளர்ந்திருந்த நாற்றுகளைச் செழிப்பு என்று எண்ணி, ஆசாரத்திலிருந்து நேராக வயலுக்குக் கொண்டுபோய் முற்பகலில் நட்டோம். இரண்டு நாளில் இலைகள் வெளுத்துக் காகிதம்போல் ஆயின. “புள்ளைய ஊட்டுக்குள்ளயே வெச்சிருந்துட்டு ஒரே நாள்ல வெயிலுக்குத் தாட்டிவுட்டா என்னாகும்?” என்று அம்மாயி கேட்டபோது கோபம் வந்தது, கேள்வி சரிதான்.

அதன்பின் முறையை மாற்றினோம். பாதி விதை முளைத்ததும், தட்டுகளை மூடியிருந்த பாலித்தீன் தாளை எடுத்துவிட்டு, அன்றே அவற்றைத் திண்ணைக்கு மாற்றுகிறோம்; இதில் ஒரு நாள் தாமதித்தாலும் தண்டு நீண்டுவிடுகிறது. அடுத்து நிழல்வலைக்கு அடியில் வைக்கிறோம். நடுவதற்கு முந்திய ஏழு நாள்களில், முதல் நாள் காலை வெயில் இரண்டு மணி நேரம், பிறகு நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டி, கடைசி இரண்டு நாள் முழுப் பகலும் வெளியே விடுகிறோம். தண்ணீரையும் குறைக்கிறோம், இலை சற்றே தளரும்வரை பொறுத்து ஊற்றினால் போதும். தக்காளித் தண்டு லேசாக ஊதா நிறம் கொண்டு, விரலால் வளைத்தால் நிமிர்ந்து நிற்குமானால் நாற்று தயார். நடவு மாலை நாலரைக்குப் பிறகுதான்.

ஆடிப் பட்டத்துக்கு இதே ஏழு நாள் போதவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, வெயிலுக்குப் பழகிய நாற்றையும் படுக்க வைத்துவிடுகிறது. மேற்குச் சுவரின் மறைவில் தொடங்கி, பத்து நாளில் படிப்படியாகக் காற்றுக்கு எதிரே தள்ளி வைக்கிறோம்.

வெண்டை, அவரை, கொத்தவரைக்கு மட்டும் தட்டை எடுப்பதே இல்லை. ஒருமுறை வெண்டையைத் தட்டில் முளைக்கவைத்துப் பார்த்ததில் ஆணிவேர் சுருண்டு, பாரில், அதாவது வயலின் மண்மேட்டில், நேராக ஊன்றிய விதையைவிடப் பின்தங்கிவிட்டது.