ஏர்பிரஷ் வாங்குகிறீர்களா, காசைக் கம்ப்ரசரில் போடுங்கள்

மரத்தில் செதுக்கியதற்கு வண்ணம் அடிக்க, காற்றால் வண்ணத்தைத் தூறலாக ஊதும் ஏர்பிரஷ் அவசியமா என்று கேட்டால், என்ன செதுக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சாமி வாகனத்துக்குக் கண் எழுதுவது, நகை எழுதுவது எல்லாம் தூரிகை வேலை, அதற்குப் போய் இதில் காசு போட வேண்டாம். நான் செதுக்குவது மீன். சென்னைக் காசிமேட்டில் ஒரு வஞ்சிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நீலச் சாம்பல் முதுகு எந்த இடத்தில் வெள்ளியாக மாறுகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது, குறுக்கே இறங்கும் பட்டைகளுக்கும் ஓரம் என்று ஒன்று சரியாகக் கிடையாது. அந்த மங்கலைத் தூரிகையில் கொண்டுவர முயன்று கை ஓய்ந்தவர்களுக்குத்தான் இந்த விமர்சனம்.

நான் வாங்கியது ஆன்லைனில் பத்துப் பெயர்களில் விற்கும் சீன செட். மேலே கிண்ணம் வைத்த டபுள் ஆக்‌ஷன் கன், வண்ணம் வெளிவரும் 0.3 மி.மீ. துளை நாசில், கூடவே காற்றை அழுத்தித் தரும், 3 லிட்டர் டேங்க் உள்ள சின்ன பிஸ்டன் கம்ப்ரசர், அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர், ஹோஸ், தண்ணீர் பிடிக்கும் ஃபில்டர். எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துச் சொச்சம் ஆனது. இதில் கன்னின் பங்கு ரொம்பக் குறைவு, அதுதான் சரியும்கூட.

ஏனென்றால் கன்னை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். டேங்க் இல்லாத குட்டி கம்ப்ரசரை வாங்கினால் காற்று விட்டுவிட்டு வரும், மெல்லிய கோடு இழுக்கும்போது அந்தத் துடிப்பு அப்படியே மீனின் விலாவில் தெரியும், மோட்டாரும் ஓயாமல் ஓடிச் சூடாகும். டேங்க் இருந்தால் 4 பார் அழுத்தம் ஏறியதும் மோட்டார் தானே நிற்கிறது, 3 பாருக்கு இறங்கியதும் மறுபடி ஓடுகிறது, நடுவில் கிடைக்கும் அமைதியில் வீட்டில் இருப்பவர்கள் சீரியலும் பார்க்கலாம். இன்னொன்று ஈரம். காற்றை அழுத்தினால் சூடாகும், ஆறும்போது அதிலிருக்கும் நீராவி தண்ணீராக இறங்கும். ராயபுரத்துக் கடல் காற்றில் ஈரத்துக்கு என்ன பஞ்சம்? வேலை முடிந்ததும் டேங்க் அடியில் இருக்கும் திருகைத் திறந்தால் தண்ணீர் வரும், பாருங்கள். ஃபில்டர் இல்லாத கம்ப்ரசர் என்றால் அந்தத் தண்ணீர் காய்ந்துகொண்டிருக்கும் வண்ணத்தின் மேலேயே சொட்டும். கார்த்திகை மழையில் ஃபில்டர் இருந்தும் நான் நடுநடுவே நிறுத்தி வடிக்கிறேன்.

இப்போது கன். டபுள் ஆக்‌ஷன் என்றால் ட்ரிக்கரை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் வண்ணம். முதலில் காற்று, பிறகு வண்ணம், முடிக்கும்போது முதலில் வண்ணத்தை நிறுத்திவிட்டுத்தான் காற்றை விட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை அழுத்தியதும் ஒரு துளி தெறிக்கும். பழைய செய்தித்தாளில் புள்ளி, கோடு, பட்டை என்று பழகினால் விரல் பிடித்துக்கொள்ளும். பொறுமை இல்லாதவர்களுக்கு, அல்லது பெரிய உருவங்களுக்கு அடி நிறம் மட்டும் ஊத வேண்டியவர்களுக்கு, அழுத்தினால் காற்றும் வண்ணமும் சேர்ந்தே வரும் சிங்கிள் ஆக்‌ஷன் நல்லது. பாசே ஹெச், பேட்ஜர் 350 போன்ற சிங்கிள் மாடல்களில் வண்ணமும் காற்றும் கன்னுக்கு வெளியே கலப்பதால் கழுவுவது சுலபம், தூறல் மட்டும் கொஞ்சம் கரடாக விழும். 0.2 நாசிலை ஆசைப்பட்டு வாங்காதீர்கள், நம் கடைகளில் கிடைக்கும் அக்ரிலிக்குக்கு அது அடைத்துக்கொண்டே இருக்கும். முத்து வெள்ளி, மெட்டாலிக் எல்லாம் ஊத 0.5 வேண்டும்.

நண்பர் ஒருவரின் இவாட்டா என்ற ஜப்பான் கன்னையும் பிடித்துப் பார்த்தேன். ட்ரிக்கர் வெண்ணெய்தான், ஒத்துக்கொள்கிறேன். என் கன்னில் நாசில் நெல்மணி அளவு, திருகு மரையோடு வரும், குட்டி ஸ்பேனரால் கொஞ்சம் அழுத்தி முறுக்கினாலே மரை போய்விடும் என்பதால் கூடுதலாக இரண்டு நாசில் வாங்கி வைத்திருக்கிறேன். உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் லாக்கரைக் கரைக்கும் என்சி தின்னர் பட்டால் உப்பும், அதனால் இந்த விலை கன்னில் தண்ணீரில் கரையும் வண்ணம் மட்டும்தான். ஹோஸ் மரை அரைக்கால் (1/8) இஞ்ச். பாசே, பேட்ஜருக்கு மரை வேறு, அடாப்டர் தேவைப்படும். பாரிமுனையில் லிங்கிச் செட்டித் தெரு, செம்புதாஸ் தெரு பக்கம் போகும்போது கன்னைக் கையிலேயே எடுத்துப் போய்ப் பொருத்திப் பார்த்து வாங்குவது உத்தமம், வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது.

மரத்துக்கு வருகிறேன். ஏர்பிரஷ் எதையும் மறைக்காது. தூரிகையில் தடிமனாக விழும் வண்ணம் உளித் தடத்தை மூடிவிடும், இதில் படிவது அவ்வளவு மெல்லிய படலம், ஒரு கீறல் விடாமல் எல்லாம் தெரியும். அதனால் உப்புத்தாள் தேய்ப்பில்தான் பாதி வேலை. தண்ணீர் வண்ணம் பட்டால் மரத்தின் நார் எழுந்து நிற்கும், முதலில் மரத்தின் துளைகளை அடைக்கும் சீலர் அடித்து, காய்ந்ததும் மெல்லத் தேய்த்து, அப்புறம் வண்ணம் பிடிக்க அடிப்பூச்சான பிரைமர். குமிழ் மரம் இதற்கு ஒத்துழைக்கிறது. தேக்கில் எண்ணெய் இருப்பதால் சீலர் இல்லாமல் தொடவே வேண்டாம். ஆழமான குழிவுக்குள், அதாவது செவுள் மடிப்பு, வாய்க்குள் எல்லாம், காற்று போய் முட்டித் திரும்புவதால் வண்ணம் பொடியாகப் படியும். அங்கே தூரிகைதான், வீம்பு பிடிக்காதீர்கள்.

வண்ணத்தைப் பால் பதத்துக்குக் கரைத்து, மெல்லிய நைலான் துணியில் வடிகட்டிக் கிண்ணத்தில் ஊற்றுங்கள். 15 முதல் 25 பிஎஸ்ஐ அழுத்தம், அதாவது சுமார் 1 முதல் 1.7 பார், போதும், பட்டை மாதிரி வேலைக்குக் கிட்டே பிடித்து ஊதும்போது இன்னும் குறைக்கலாம். சித்திரை வெயிலில், நாசிலுக்குள் ஓடும் ஊசியான நீடிலின் நுனியிலேயே வண்ணம் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், ஈரத் தூரிகையால் அடிக்கடி துடைத்துவிட வேண்டும்.

எனக்கு இந்தச் செட்டின் விலை தேறிய இடம் சங்கரா. வெளிர் ரோஜா அடி நிறம் காய்ந்ததும் வலையை மீன்மேல் இழுத்துக் கட்டி, சிவப்பை லேசாக ஊதிவிட்டு வலையை எடுத்தால், நூல் மறைத்த இடம் கோடாகவும் வலைக்கண் இருந்த இடம் செதிலாகவும் நிற்கும். உள்ளங்கை அளவு மீனுக்குக் கொசுவலை, பெரியதற்குக் கிழிந்துபோன நெத்திலி வலைத் துண்டு. காசிமேட்டில் வலை பின்னும் இடத்தில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். வலை உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், தூக்கிக்கொண்டிருந்தால் கோடு கலங்கும்.

ஒவ்வொரு நிறம் மாற்றும்போதும் தண்ணீர் ஊதிக் கழுவ வேண்டும், நாள் முடிவில் நீடிலைப் பின்பக்கமாக உருவித் துடைக்க வேண்டும். நுனி ஒரு மயிரிழை வளைந்தாலும் கோடு ஒரு பக்கம் சாயும். இந்தச் சள்ளைக்குத் தயாராக இல்லாதவர்கள் வாங்காமல் இருப்பதே மேல். முகக்கவசம் இல்லாமல் ஊதாதீர்கள், தண்ணீர் வண்ணம்தானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம், துகள் நேராக நெஞ்சுக்குள் போகும், அதற்கு என்95 வேண்டும். மேலே லாக்கர் அடிப்பவர்களுக்கு என்95 போதாது, கெமிக்கல் ஆவியைப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் தனியாக வாங்க வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். சார்ஜ் போட்டுப் பிடிக்கும் பேட்டரி கன் பற்றிக் கேட்கிறார்கள். கை வலிக்கும், பலவற்றில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க வழியில்லை. சாவிக்கொத்து மீன் செய்பவர்களுக்குச் சரி, இரண்டடி வஞ்சிரத்துக்கு ஆகாது.