கலிபோர்னியாவா, கொலம்பியாவா? தனி ஆண் ஒருவன் தந்தையாகும் வழி

திருமணமாகாத ஆண்; கையில் இலங்கைக் கடவுச்சீட்டு; வசிப்பது வெள்ளவத்தையில். இப்படிப்பட்டவர் வாடகைத்தாய் மூலம் குழந்தை பெற நினைத்தால், போகக்கூடிய நாடுகளை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம். நான் கலிபோர்னியாவைத் தேர்ந்தேன். என் மகள் அங்கேதான் பிறந்தாள். ஆகவே இதை நடுநிலையான அலசல் என்று யாரும் நம்பிவிட வேண்டாம்.

கொழும்பில் எவரைக் கேட்டாலும் முதலில் சென்னையைத்தான் சொல்வார்கள். அது வீண் அலைச்சல். இந்தியா 2015இலேயே வெளிநாட்டவருக்குக் கதவைச் சாத்திவிட்டது. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்தியராகவே இருந்தாலும் தனி ஆணுக்கு இடமில்லை. தாய்லாந்தும் நேபாளமும் 2015இல் மூடின, கம்போடியா 2016இல். ஜோர்ஜியாவும் உக்ரைனும் தம்பதிகளுக்கு மட்டும். இலங்கையிலோ இதற்கென்று தனிச் சட்டமே இல்லை.

“தத்தெடுக்கலாமே, தம்பி” என்று ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் மாமா ஒருவர் சொல்வார். எடுக்கலாம்தான். ஆனால் இலங்கையின் 1941ஆம் ஆண்டுத் தத்தெடுப்புக் கட்டளைச் சட்டப்படி, தனியாக விண்ணப்பிக்கும் ஆணுக்குப் பெண் குழந்தையைக் கொடுப்பதற்கு விசேட காரணம் உண்டென்று நீதிமன்றம் திருப்திப்பட வேண்டும். அந்த வழியில் மேலும் போக எனக்கு மனம் வரவில்லை.

நான் விசாரித்தவற்றில் மிஞ்சியவை அமெரிக்கா, கொலம்பியா, மெக்சிகோ. மெக்சிகோவில் மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை மாறுகிறது, விசாரித்ததோடு விட்டுவிட்டேன்.

விலையில் கொலம்பியாதான் வெல்கிறது, அதில் வாதமே இல்லை. கலிபோர்னியாவில் எல்லாம் சேர்த்துக் குறைந்தது ஒன்றரை இலட்சம் டொலர், அதாவது ஏறத்தாழ நாலரைக் கோடி ரூபாய், போகும். கொலம்பியாவில் அதில் பாதிகூட வராது. மருத்துவ முறையும் இரண்டு இடங்களிலும் ஒன்றுதான்: ஒரு பெண் கருமுட்டை தருகிறார், இன்னொரு பெண் கருவைச் சுமக்கிறார். கட்டாரின் டோகாவில் உழைத்த பணம் வெளிநாட்டு நாணயக் கணக்கில் இருந்ததால் எனக்குச் சமாளிக்க முடிந்தது. போதாததற்குத் தொடர்மாடி வீட்டையும் விற்றேன். இப்போது அதே ஒழுங்கையில் வாடகைக்கு இருக்கிறேன்.

இவ்வளவு கூடுதலாகக் கொடுத்தது ஒரே ஒரு தாளுக்காக: பிறப்புச் சான்றிதழ்.

கொலம்பியாவின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009இல் வாடகைத்தாய் முறையைச் சட்டம் தடை செய்யவில்லை என்று ஏற்றுக்கொண்டது; ஒழுங்குபடுத்தும் சட்டத்தை இயற்றும்படி நாடாளுமன்றத்தைக் கேட்டும் இருக்கிறது. சட்டம் வராத இடைவெளியில், பெற்றெடுத்தவரே பதிவேட்டில் தாய். அவருடைய பெயரை நீக்கப் பிறகு வழக்காட வேண்டும் என்று அங்குள்ள சட்டத்தரணி எனக்கு விளக்கினார். கலிபோர்னியாவில் வரிசையே வேறு. அங்குள்ள குடும்பச் சட்டப்படி, வாடகைத்தாய்க்குத் தனிச் சட்டத்தரணி, எனக்குத் தனிச் சட்டத்தரணி. மருந்து தொடங்குமுன் ஒப்பந்தம் முடிந்திருக்க வேண்டும். பிரசவத்துக்கு முன்பே நீதிமன்றம் என்னைத் தந்தை என்று தீர்ப்பளித்துவிட்டது. சான்றிதழில் என் பெயர் மட்டுமே. என் குழந்தையைச் சுமந்தவருக்கு அவர் பக்கம் நின்று பேச ஒரு வழக்கறிஞர் இருந்தார் என்பதும் எனக்கு நிம்மதி.

ஒரு பெயர் கூடுதலாக இருந்தால் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்கலாம். இங்கே பொதுச் சட்டமாக உள்ள உரோம டச்சுச் சட்டப்படி, திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு இயற்கைப் பாதுகாவலர் தாய்தான், தந்தை அல்ல. அப்படியானால் பொகோட்டாவில் இருக்கும் ஒரு பெண்மணி கொழும்பில் வளரும் என் மகளின் பாதுகாவலர் ஆகிவிடுவார். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுக்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். பாடசாலை அனுமதி, சத்திரசிகிச்சை என்று எத்தனை கையெழுத்துகள் பின்னால் வரும்! ஒவ்வொன்றுக்கும் அவரைத் தேடுவதா?

குடியுரிமையிலும் இதே கதை. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பெற்றோரில் ஒருவர் இலங்கையராக இருந்தால் போதும். ஆனால் வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஓராண்டுக்குள் பதிய வேண்டும், பிந்தினால் அமைச்சரின் அனுமதி வேண்டும். லொஸ் ஏஞ்சல்ஸில் நம் துணைத் தூதரகம் இருக்கிறது. பொகோட்டாவில் தூதரகம் இல்லை.

தாயின் பெயர் இல்லாத சான்றிதழும் தொல்லையில்லாதது அல்ல. கொழும்பில் அரச அலுவலகக் கருமபீடத்தில் இருந்தவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “அம்மாவின் பெயர் எங்கே, ஐயா?” என்றார். உறுதிப்படுத்திய தீர்ப்புப் பிரதியை நீட்டினேன். மேலதிகாரியிடம் போய்வந்தார், வேலை முடிந்தது. அந்தப் பிரதியில் பல பிரதிகள் எடுத்து வைத்திருக்கிறேன்.

அமெரிக்காவின் குறைகளும் சிறியவை அல்ல. வாடகைத்தாய் கிடைக்கும்வரை நீண்ட காத்திருப்பு. பிறந்த குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனால் மருத்துவமனைக் கட்டணம் வீட்டை இன்னொரு முறை விற்க வைக்கும். சிசுவுக்கான காப்புறுதியை முன்கூட்டியே பேசுங்கள். அங்கே பிறந்தாலே குடியுரிமை என்பதை மட்டுப்படுத்த 2025 ஜனவரியில் ஒரு நிறைவேற்று ஆணையும் வந்தது, அதன்மீது வழக்குகளும் வந்தன. அமெரிக்கக் கடவுச்சீட்டுக்காகப் போகிறவர் என் கணக்கைப் பின்பற்ற வேண்டாம்.

என் மகளின் பிறப்பு சிக்கலின்றி முடிந்தது. அந்த ஓர் அனுபவத்தை வைத்துத்தான் பேசுகிறேன். கொலம்பியா வழியாகத் தந்தையான நண்பர் ஒருவர் ரொறன்ரோவில் இருக்கிறார், முழுத் திருப்தியோடு. அவரிடம் கனடாக் கடவுச்சீட்டு. கொழும்பின் கருமபீடங்கள் அவருக்குத் தேவையில்லை. உங்கள் பிள்ளையும் வெளிநாட்டில்தான் வளரப்போகிறது என்றால், பாதி விலை உண்மையிலேயே நல்ல விலை. இங்கேயே வளர்க்கப் போகிறவர், எந்த முகவரிடமும் விலைப்பட்டியல் கேட்குமுன், தனித் தந்தை ஒருவருக்கு அங்கே வழங்கப்படும் பிறப்புச் சான்றிதழின் மாதிரியைக் கேட்டு வாங்கி, கொழும்பில் ஒரு குடும்பச் சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.