ஆர்கேட் பெட்டிக்கு எம்.டி.எஃப்-ஆ, பிளைவுட்டா?

வீட்டிலேயே ஆளுயர ஆர்கேட் பெட்டி, அதாவது நின்றுகொண்டு ஆடும் வீடியோ கேம் பெட்டி, செய்ய இறங்குகிறவர்கள் திரையையும் ஜாய்ஸ்டிக்கையும் வாரக்கணக்கில் அலசுகிறார்கள். பலகையை மட்டும் கடைக்காரர் எடுத்துப் போட்டதை வாங்கி வந்துவிடுகிறார்கள். திரை கெட்டால் வேறு போடலாம், பொத்தானை நிமிடத்தில் மாற்றலாம். பலகை கெட்டால் பெட்டியையே மறுபடி செய்ய வேண்டியதுதான். என் ஓட்டு 18 மி.மீ. பிளைவுட்டுக்கு. அதிலும் ஈரம் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தர முத்திரையான ஐ.எஸ். 710 உள்ள பலகைக்கு.

மர நாரில் செய்த எம்.டி.எஃப் பலகையின் நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரிந்ததே. விலை குறைவு, 710 பிளைவுட் ஏறத்தாழ இரு மடங்கு ஆகலாம். ரவுட்டர் என்னும் மரம் குடையும் கருவியில் வளைவு வெட்டினால் சிலாம்பு எழாது. மழமழவென்று இருப்பதால் பெயிண்டோ வினைல் ஸ்டிக்கரோ நேரடியாக உட்காரும். எடை கூடுதல்: எட்டடிக்கு நாலடி, 18 மி.மீ. எம்.டி.எஃப் பலகை 40 கிலோவை ஒட்டி வரும், பிளைவுட் அதைவிடச் சில கிலோ குறையும். பெட்டிக்கு இரண்டு முதல் இரண்டரைப் பலகை பிடிக்கும். மாடி வீட்டுக்காரர்கள் இந்த வித்தியாசத்தைத் தோளில் உணர்வார்கள்.

முடிவைத் தீர்மானிப்பது இவை எதுவும் இல்லை, பக்கப் பலகையின் அடி விளிம்பு. நம் வீடுகளில் தரையைத் தினமும் ஈரத் துணியால் துடைக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரையே வியர்க்கிறது. எம்.டி.எஃப் என்பது மர நாரைப் பசையோடு சூட்டில் அழுத்திய பலகை. மேல் முகம் கெட்டியாக இருக்கும், வெட்டிய விளிம்பு பஞ்சு மாதிரி நீரை உறிஞ்சும். அழுத்தி வைத்த நார் ஈரம் பட்டதும் உப்பும், காய்ந்தாலும் பழைய தடிமனுக்குத் திரும்பாது. அடி விளிம்பு 18-லிருந்து 20 மி.மீ. ஆனாலே போதும்: டி-மோல்டிங் (விளிம்பை மூடச் செருகும் பிளாஸ்டிக் பட்டை) உட்காரும் பள்ளம் வாய் பிளக்கிறது, மோல்டிங் கழன்று தொங்குகிறது, மைக்கா ஓரத்தில் தூக்குகிறது, அடித்தட்டைப் பிடித்த ஸ்க்ரூ பிடி விடுகிறது. உப்பிய இடத்தைத் தேய்த்தால் மாவாகக் கொட்டும். அந்தப் பக்கப் பலகைதான் திரையையும், ஜாய்ஸ்டிக்கும் பொத்தானும் உள்ள கன்ட்ரோல் பேனலையும் தாங்குகிறது என்பதால், அதை மட்டும் கழற்றி மாற்றவும் வழியில்லை.

710 பிளைவுட்டில் மரத் தாள்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக, ஃபீனால் பிசினால் ஒட்டப்பட்டிருக்கும். ஈரம் நுழைந்தாலும் ஒரு தாள் விரிய முயன்றால் அடுத்தது இழுத்துப் பிடிக்கும். காய்ந்ததும் பலகை பலகையாகவே இருக்கும். அதற்காகத் தரையில் அப்படியே நிறுத்திவிடக் கூடாது. அடித்தட்டின் நான்கு மூலையிலும் திருகிக் கூட்டிக் குறைக்கிற லெவலர் கால் போட்டு, பக்கப் பலகையைத் தரையிலிருந்து அரை அங்குலம் தூக்கிவிடுங்கள். அடி விளிம்புக்கு வுட் சீலர் இரண்டு கோட். எம்.டி.எஃப்பில் இதே வேலையைச் செய்தால் ஆயுள் கூடும்தான், ஆனால் இடம் மாற்றும்போது ஒரு மூலை சிராய்த்தாலே சீலர் போய்விடும்.

ஸ்க்ரூ விஷயமும் பிளைவுட் பக்கமே. வயரைச் சரிசெய்யக் கன்ட்ரோல் பேனலை அடிக்கடி திறக்க வேண்டிவரும். எம்.டி.எஃப்பில் ஒரே ஓட்டையில் நாலைந்து முறை திருகினால் மரை தேய்ந்துவிடும்.

பிளைவுட்டின் தொல்லை வேறு மாதிரி. நடுத் தாள்களில் இடைவெளி இருந்தால், டி-மோல்டிங் பள்ளம் அங்கே பிடிப்பு இல்லாமல் போகும். வாங்கும்போது நாலு பக்க விளிம்பையும் பாருங்கள், முகத்தை விரல் மூட்டால் தட்டிக்கொண்டே வாருங்கள். பொள்ளலாக ஒலித்தால் வேறு பலகை கேளுங்கள். முகம் சொரசொரப்பானது, ஸ்டிக்கரை நேரே ஒட்டினால் மர ரேகை தெரியும். ஆகவே 1 மி.மீ. வெள்ளை மைக்கா ஒட்டி அதன்மேல் ஸ்டிக்கர். சொரசொரப்பு மைக்கா வேண்டாம், வினைல் பிடிக்காது.

இங்கே வரிசை முக்கியம். முதலில் மைக்கா, பிறகு ஓரம் டிரிம், கடைசியில்தான் பள்ளம். 18 மி.மீ. பலகையில் பள்ளத்தை முதலில் வெட்டிவிட்டால், மைக்கா ஏறியதும் அது நடுவிலிருந்து அரை மி.மீ. விலகி, மோல்டிங் ஒரு பக்கம் துருத்தும். 18-உம் 1-உம் சேர்ந்து 19 ஆவது நல்லதுதான்: முக்கால் அங்குல டி-மோல்டிங் கச்சிதமாக மூடும். மொத்தத் தடிமனை வெர்னியரில் அளந்து, பாதியில் 1.6 மி.மீ. கட்டரை ஓட்டுங்கள். பக்கப் பலகை 23½ அங்குல அகலத்துக்குள் இருந்தால் ஒரே எட்டுக்கு நாலில் இரண்டும் கிடைக்கும், ரம்பம் தின்னும் இடமும் அதில் அடங்கும்.

கன்ட்ரோல் பேனலில் கவனம். சான்வா நிறுவனத்தின் ஜாய்ஸ்டிக்கை 18 மி.மீ. பலகைக்கு அடியில் அப்படியே மாட்டினால் தண்டு குட்டையாகிவிடும். அடியிலிருந்து ரவுட்டரால் குடைந்து, மேலே 6 மி.மீ. மட்டும் விடுங்கள். எம்.டி.எஃப்பில் அந்த 6 மி.மீ. அழுத்தி ஆடும்போது விரிசல் விடக்கூடும். பிளைவுட்டில் இரண்டு மூன்று தாளாவது குறுக்கே நிற்கும். பிடிப்புக்கு மர ஸ்க்ரூ வேண்டாம், மேலிருந்து போல்ட் இறக்கி அடியில் நட் முடுக்கி, தலையைப் பலகையில் பதித்து மைக்காவுக்கு அடியில் மறையுங்கள். பொத்தானும் தடிமனுக்கு ஏற்றதாக இருக்கட்டும்: அழுத்திச் செருகும் 30 மி.மீ. வகை மெல்லிய தகட்டுக்கானது. மரப் பலகைக்கு நீள மரையும் நட்டும் கொண்ட 28 மி.மீ. வகைதான் சரி.

ஈரம் தாங்கும்படி அடர்த்தியாக அழுத்திய எச்.டி.எச்.எம்.ஆர் என்னும் நார்ப் பலகையை நடுவழியாகச் சொல்கிறார்கள். எம்.டி.எஃப் போலச் சுத்தமாக வெட்டுப்படும், ஈரத்தை அதைவிடத் தாங்கும், கனமும் அதைவிடக் கூடுதல். கணினி வழி வெட்டும் சி.என்.சி இயந்திரத்தில் பேனல் மட்டும் வெட்டித் தருவதற்கு அதை எடுக்கலாம். தரையோரம் பல மழைக்காலம் நிற்கும் பக்கப் பலகைக்கு அதை நம்பிச் சொல்ல எனக்கு இன்னும் துணிவில்லை.

மேஜைமேல் வைக்கும் சிறிய பார்டாப் பெட்டியாக இருந்து, பெயிண்ட்தான் அடிக்கப்போகிறீர்கள் என்றால் எம்.டி.எஃப் எடுங்கள். அதன் அடி தரையைத் தொடப்போவதில்லை. வெட்டும்போது மட்டும் நல்ல மாஸ்க் போட்டு வாசலில் வைத்து வெட்டுங்கள். அந்தத் தூசி மாவைவிட மெல்லியது, வீட்டுக்குள் பறந்தால் மின்விசிறி வரை படியும்.